உறை பிரிக்கும் நாளில் எல்லாம் சரிதான்

கெடு மூன்று மணி. இரண்டே கால் வரைக்கும் அண்ணன் விலையை எழுதவில்லை. பெரியப்பா மகன், பள்ளிக்கூட டெஸ்க், பெஞ்சு செய்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி, முதல் உறைக்கான சான்றிதழ்களையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. மிச்சம் இருந்தது விலைப்பட்டியல். அது ஒரு எக்செல் தாள். அதில் நாம் தொடக்கூடிய கட்டம் ஒன்றே ஒன்று, நீல நிறத்தில். 4,150 என்று அடிக்கச் சொன்னார். பிறகு அழிக்கச் சொன்னார். தகரம், குழாய், பலகை, வெல்டிங் கூலி, லாரி வாடகை என்று பழைய டைரியில் மறுபடி கூட்டினார். இரண்டு ஐம்பதுக்கு 4,085 என்று வைத்துப் பொத்தானை அழுத்தினோம்.

விலை உறை பிரித்த அன்று ஆறு பேர் பட்டியல் திரையில் வந்தது. அண்ணன் மூன்றாவது. முதல் ஆளுக்கும் இவருக்கும் முப்பத்தைந்து ரூபாய் வித்தியாசம். தோற்ற வருத்தம் இருந்தது, ஆனால் கோபம் இல்லை. “பொட்டி திறக்கிற அன்னைக்கு எல்லாம் நேராத்தான்டா இருக்கு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியுந்தான் கோணல்” என்றார்.

அரசுக்குப் பொருள் விற்கும் முறையைப் பற்றி நான் படித்த அறிக்கைகளைவிட இந்த இரண்டு வாக்கியம் துல்லியமானது என்று நினைக்கிறேன். அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நேராக இருப்பதற்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடலாம். அரசுக் கொள்முதலுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, விதிகள் 2000-இல். (ஒப்பந்தப்புள்ளி என்ற சொல்லை அரசாணைக்கு வெளியே யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. டெண்டர்தான்.) கர்நாடகம் 1999-இல் பின்தொடர்ந்தது. மத்திய அரசிடம் இன்றுவரை இப்படி ஒரு சட்டம் கிடையாது. 2012-இல் நாடாளுமன்றத்தில் வைத்த பொதுக் கொள்முதல் மசோதா 2014-இல் அந்த மக்களவையோடு காலாவதியானது. தில்லி நடத்துவது பொது நிதி விதிகளை வைத்து. அவை நிர்வாக விதிகள். அமைச்சகம் நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் மாறிவிடும். சென்னையில் சட்டத்தை மீறினால் அது சட்டமீறல் என்று நீதிமன்றத்தில் நின்று சொல்லலாம். இந்த வேறுபாடு சின்னதல்ல.

சட்டம் சொல்வதும் தெளிவு. இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைத்துக் குறைக்க வேண்டும். டெண்டர் ஆவணத்தில் முன்பே சொன்ன, அளந்து காட்டக்கூடிய காரணிகளை வைத்துத்தான் குறைந்த விலைக்காரரைத் தீர்மானிக்கலாம். பேரம் பேசுவதென்றால் அவர் ஒருவரிடம் மட்டும். யாருக்குக் கிடைத்தது, மற்றவர்கள் ஏன் தள்ளப்பட்டார்கள் என்பது டெண்டர் செய்தி இதழுக்குப் போக வேண்டும். இதன்மேல் இணையவழி டெண்டரும் வந்து சேர்ந்ததில் பழைய கூத்துகளில் பாதி ஒழிந்தது. அலுவலக வராந்தாவில் டெண்டர்ப் பெட்டிக்கு முன்னால் ஆட்களை நிறுத்தி வைத்து, வேற்றூர்க்காரனைப் படியேற விடாமல் திருப்பி அனுப்பிய காலத்தைப் பார்த்த ஒப்பந்ததாரர்கள் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். இப்போது விலை பூட்டிய நிலையில் போய்ச் சேர்கிறது. ஒரே அதிகாரி தனியாகத் திறக்க முடியாது. மூன்று மணி என்றால் சர்வர் கடிகாரத்தின் மூன்று மணி.

இணையம் எல்லாவற்றையும் தீர்த்தது என்று சொல்ல வரவில்லை. சத்தீஸ்கரின் இணையக் கொள்முதலைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி., 1,921 டெண்டர்களில் அதிகாரிகளும் டெண்டர் போட்டவர்களும் ஒரே கணினிகளைப் பயன்படுத்தியிருந்ததைக் கண்டுபிடித்தார். மொத்தம் 74 கணினிகள். ஆனால் இதில் ஒரு விசித்திரம் கவனிக்க வேண்டியது: திருட்டு நடந்தால் தடம் விழுகிறது. காகித உறையில் எந்த மேசையில் விலை எழுதப்பட்டது என்று யாரால் சொல்ல முடியும்?

அடுத்து, எல்லோரும் திட்டித் தீர்க்கும் ‘எல்-ஒன்’. மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்ற விதி. பாலம் விரிசல் விட்டாலும், பள்ளிச் சீருடை ஒரே துவையலில் சாயம் போனாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது இதுதான். மலிவாகக் கேட்டால் மலிவாகத்தான் கிடைக்கும் என்பது வாதம். அதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது தரத்துக்கும் மதிப்பெண் கொடுக்கும் முறை. மத்திய நிதி அமைச்சகமே 2021 அக்டோபரில், தரம் முக்கியம் என்று அறிவிக்கப்பட்ட பணிகளுக்கு விலை அல்லாத காரணிகளுக்கு 30 சதவீதம் வரை எடை தரலாம் என்று வழிவிட்டது.

எனக்கு இந்த மாற்றில் நம்பிக்கை இல்லை. விலை ஒரு எண். 4,085-ஐ யாரும் 4,200 என்று வாசிக்க முடியாது. ‘அணுகுமுறை’க்கும் ‘நிறுவனத் திறன்’-க்கும் நூற்றுக்கு எத்தனை என்பதைக் குழு உட்கார்ந்து தீர்மானிக்கிறது. குழுவில் இருப்பவர்கள் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், பளபளப்பான கோப்பு தயாரிக்க ஆள் வைத்திருக்கும் கம்பெனிக்கும், எக்செல் திறக்கத் தம்பியைக் கூப்பிடும் பட்டறைக்காரருக்கும் அங்கே சமப் போட்டி கிடையாது. ஆலோசனைப் பணி, கட்டட வடிவமைப்பு போன்றவற்றுக்கு மதிப்பெண் முறை தேவை, சரி. டெஸ்க்குக்கு எதற்கு? குழாய் எத்தனை மில்லிமீட்டர், பலகை எந்த ரகம், எத்தனை கிலோ தாங்க வேண்டும் என்று எழுதிவிட்டு, வந்ததை அளந்து பார்த்தால் போதும். தரம் கெடுவது குறைந்த விலையால் என்பதைவிட, அளந்து பார்க்காமல் வாங்குவதால்.

இதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை எல்-ஒன் முறையில்தான் வாங்குகிறது. மருந்தைவிடத் தரம் முக்கியமான பொருள் எது? அங்கே சூட்சுமம் விலை உறையில் இல்லை. மாவட்டக் கிடங்குக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் மருத்துவமனைக்குப் போகும். தேறாத சரக்குத் திரும்பும். திரும்பத் திரும்பத் தவறினால் கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகும். சோதனை உறுதி, தேறினால் பணமும் உறுதி என்று தெரிந்தபோது பெரிய தயாரிப்பாளர்களும் விலையை இறக்கிக்கொண்டு வந்தார்கள். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. குறையே இல்லாத நிறுவனம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘எல்-ஒன் என்றாலே மட்டம்’ என்ற வாதம் இங்கே வந்து முறிகிறது.

எல்-ஒன்னுக்கு எதிரான வலுவான வாதம் வேறு. குறைந்த விலை என்பது போட்டி இருக்கும்போதுதான் உண்மையான குறைந்த விலை. டெண்டர் போடுபவர்கள் கூடிப் பேசிவிட்டால்? 2009 மே மாதம் இந்திய உணவுக் கழகம் கிடங்குகளில் தானியத்தைப் பூச்சியிலிருந்து காக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு டெண்டர் விட்டது. மூன்று கம்பெனிகள், மூன்று தனி உறைகள். மூன்றிலும் கிலோ 388 ரூபாய். ஒரு ரூபாய்கூட ஏறி இறங்கவில்லை. போட்டி ஆணையம் 2012-இல் அபராதம் போட்டது. உச்ச நீதிமன்றம் 2017-இல் கூட்டுச் சதிதான் என்பதை உறுதிசெய்து, அபராதத்தைக் கம்பெனியின் மொத்த விற்றுமுதலை வைத்தல்ல, அந்தப் பொருளின் விற்றுமுதலை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்றது. இந்த மூவருக்கும் சாமர்த்தியம் போதாது என்று நினைக்கிறேன். சாமர்த்தியசாலிகள் ஒரே விலை எழுத மாட்டார்கள். இந்தத் தடவை நீ, அடுத்த தடவை நான் என்று முறை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் கொஞ்சம் தூக்கிப் போடுவார்கள். தொழிலில் அதற்கு ‘சப்போர்ட் டெண்டர்’ என்று பெயரே உண்டு. திரையில் ஆறு பெயர் தெரியும். போட்டி ஒன்றுகூட இருக்காது.

கூடிப் பேசுவது எப்போது எளிது? ஆள் குறைவாக இருக்கும்போது. ஆளைக் குறைப்பது எது? அண்ணன் சொன்ன முதல் கோணல்: தகுதி நிபந்தனை.

மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் கட்டுமானப் பணிகளுக்கு ஒரு அளவுகோல் கொடுத்தது. ஆண்டுச் சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டில் 30 சதவீதம். அனுபவமாக, அதே மாதிரியான பணிகள் மூன்று என்றால் ஒவ்வொன்றும் மதிப்பீட்டில் 40 சதவீதம். இரண்டு என்றால் 50. ஒன்றே என்றால் 80. நியாயமான கணக்கு. பத்து லட்சம் வேலைகூடச் செய்யாதவரிடம் பத்துக் கோடிப் பாலத்தை யாரும் கொடுக்க மாட்டார்கள். சிக்கல், ‘அதே மாதிரியான’ என்ற இரண்டு சொல்லில். அதற்கு விளக்கம் எழுதும் பேனா யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் டெண்டரும். அண்ணன் ஒருமுறை தள்ளப்பட்ட இடம் இதுதான். அவர் தனியார் பள்ளிகளுக்கு நூற்றுக்கணக்கில் பெஞ்சு போட்டிருந்தார். கேட்டது, அரசுத் துறைக்குச் சப்ளை செய்த அனுபவம். அரசுக்குச் செய்திருந்தால்தான் அரசுக்குச் செய்யலாம். நீந்தத் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்பது போல.

நீதிமன்றம் இதில் நீண்ட காலம் தள்ளியே நின்றது. 1994-இன் டாடா செல்லுலார் தீர்ப்பு, நீதிபதிகள் முடிவெடுத்த விதத்தைத்தான் பார்ப்பார்கள், முடிவை அல்ல என்று கோடு கிழித்தது. 2012-இல் மிச்சிகன் ரப்பர் வழக்கு. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம், பேருந்துச் சேசிஸ் செய்யும் கம்பெனிகளுக்கு நேரடியாக டயர் தருபவர்களே டெண்டர் போடலாம் என்று நிபந்தனை வைத்தது. வெளியே நின்ற கம்பெனி வழக்குப் போட்டுத் தோற்றது. தனக்கு என்ன வேண்டும் என்பது வாங்குகிறவருக்குத்தான் தெரியும் என்றது உச்ச நீதிமன்றம். பயணிகள் உயிர் டயரில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே தர்க்கத்தை விளையாட்டுச் சாமான் டெண்டருக்கும் நீட்டினார்கள். சத்தீஸ்கரில் பள்ளிகளுக்கு விளையாட்டுப் பொருள் சப்ளை செய்ய, கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த மாநில அரசு அமைப்புகளுக்கே ஆறு கோடி ரூபாய்க்கு விற்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வெளியூர்க்காரருக்குக் கதவை அடைப்பது சமநிலைப் போட்டிக்கு விரோதம் என்றது.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உரைகல் கிடைக்கிறது. நிபந்தனை பொருளைப் பற்றிப் பேசுகிறதா, ஆளைப் பற்றிப் பேசுகிறதா? டயர் நிபந்தனை சுற்றிவளைத்தாவது டயரின் தரத்தைப் பற்றிப் பேசியது. மற்றது, நீ எங்களுக்கு ஏற்கெனவே வேண்டப்பட்டவனா என்று கேட்டது. இந்த உரைகல்லில் உரசினால் சான்றிதழ்ப் பட்டியலில் பாதி நிற்காது. வாங்கி ஆறு மாதம் தாண்டாத சொத்துமதிப்புச் சான்று, பக்கத்துக்குப் பக்கம் நோட்டரி முத்திரை, இதெல்லாம் பெஞ்சை ஒரு கிலோகூட அதிகம் தாங்க வைக்காது.

விதியில் பரிகாரம் இல்லாமல் இல்லை. டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் நிபந்தனையைக் கேள்வி கேட்கலாம். ஆர்டர் போன பிறகு சட்டப்படி பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முதலாவதைச் சிறு வியாபாரிகள் பயன்படுத்துவதே இல்லை. இது அவர்கள் தப்பு, எழுத்தில் ஒரு வரி கேட்டு வைத்திருந்தால் பின்னால் நீதிமன்றத்தில் அது பேசும். இரண்டாவதில் மேல்முறையீடு போவது அரசிடமே. எந்த வீட்டில் அடிபட்டாயோ அந்த வீட்டிலேயே போய் முறையிடு என்கிறது சட்டம். தனித் தீர்ப்பாயம் இல்லாதது 1998 சட்டத்தின் பெரிய ஓட்டை.

இனி இரண்டாவது கோணல். பணம்.

அண்ணன் அடுத்த வருடம் ஒரு டெண்டரில் எல்-ஒன்னாக வந்தார். பத்து லட்சத்தை ஒட்டிய சரக்கு. சொன்ன தேதிக்கு இறக்கினார், எண்ணி வாங்கிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். பில் மட்டும் ஒன்பது மாதம் நகரவில்லை. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். ‘ஒதுக்கீடு வரல’, ‘கருவூலத்துல திருப்பிட்டாங்க’, ‘சார் லீவு’. பன்னிரண்டு சதவீத வட்டிக்கு வாங்கிய பத்து லட்சத்துக்கு ஒன்பது மாதத்தில் தொண்ணூறாயிரம். அதாவது விலையில் ஒன்பது சதவீதம். அவர் வைத்திருந்த லாபம் அவ்வளவு இல்லை.

சட்டம் இங்கேயும் கம்பீரமாக நிற்கிறது. 2006-இன் சிறு, குறு, நடுத்தர நிறுவனச் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது; தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல், காலக்கெடுவுக்குள் தராத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது. தனியார் கம்பெனிகள் இதற்குப் பயந்து பில்லை நகர்த்தின. அரசுத் துறைக்கு என்ன பயம்? அது வருமான வரியே கட்டுவதில்லை. கூட்டு வட்டி கேட்டு, 2006 சட்டம் அமைத்த வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகலாம். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு டயர் ரப்பர் தந்த சிறு தொழிற்சாலைகள், பிடித்துவைத்த பத்து சதவீதப் பாக்கிக்காகப் போனார்கள். சண்டை 2021-இல் உச்ச நீதிமன்றம் வரை நீண்டது. அடுத்த வருடமும் அதே அலுவலகத்தில் டெண்டர் போட வேண்டியவர் எத்தனை பேர் போவார்கள்? அண்ணன் போகவில்லை.

தாமதத்தைச் சப்ளை செய்தவரின் துயரமாக மட்டும் பார்ப்பது வழக்கம். அது பாதிதான் உண்மை என்பது என் வாதம். தாமதம் டெண்டரையே கெடுக்கிறது. இரண்டு பேர் ஒரே பெஞ்சை ஒரே செலவில் செய்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு உள்ளே ஆள் உண்டு. பில் முப்பது நாளில் பாஸாகும். அவருக்கு வட்டிச் சுமை ஒரு சதவீதம். இன்னொருவருக்கு ஒன்பது. விலை உறையில் யார் எல்-ஒன்? உறை நேர்மையாகத் திறந்தது, கணினி நேர்மையாகக் கூட்டியது, சட்டப்படிக் குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் போனது. ஆனால் அந்த எட்டு சதவீதம் திறமையின் விலை அல்ல, செல்வாக்கின் விலை. எந்தத் தணிக்கையாளரும் இதைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் டெண்டர் விதி எதுவும் மீறப்படவில்லை. போகப்போக உள்ளே ஆள் இல்லாதவர் டெண்டர் போடுவதை விட்டுவிடுவார். ஆள் குறையும். கூடிப் பேசுவது எளிதாகும். பின் கோணல் சுற்றி வந்து முன் கோணலோடு சேர்ந்துகொள்கிறது.

எனவே என் தீர்ப்பு இது. 1998 சட்டம் தான் எடுத்துக்கொண்ட வேலையை, அதாவது உறை வந்த நேரத்திலிருந்து ஆர்டர் கையெழுத்தாகும் வரையிலான நடப்பை, நன்றாகவே செய்கிறது. அதில் எல்-ஒன்னைத் தூக்கிவிட்டு மதிப்பெண்ணைக் கொண்டுவருவது, நன்றாக இருக்கும் ஒரே அறையை இடிப்பது. தோல்வி அந்த அறைக்கு வெளியே. யார் யார் உள்ளே வரலாம் என்ற நிபந்தனையை அது துறையின் விருப்பத்துக்கு விட்டது. பணம் எப்போது வரும் என்பதை அது தன் விஷயமாகவே நினைக்கவில்லை. வெளிப்படைத்தன்மை என்ற பெயர் வைத்துக்கொண்ட சட்டம் ஆர்டரோடு நின்றுவிடக் கூடாது. யாருக்கு, என்ன விலைக்கு என்று காட்டும் அதே இணையதளத்தில் சரக்கு வந்த தேதி, பில் வந்த தேதி, பணம் போன தேதி மூன்றையும் காட்டட்டும். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் வேண்டாம்; மூன்று கட்டங்கள் போதும். முப்பது நாளில் ஒருவருக்கும் ஒன்பது மாதத்தில் இன்னொருவருக்கும் பாஸ் செய்யும் அலுவலகம் ஊருக்கே தெரியும்.

அண்ணன் இன்னும் டெண்டர் போடுகிறார். போன மாதமும் கூப்பிட்டார். டோக்கன், சான்றிதழ், எல்லாம் ஏற்றி முடித்து, நீலக் கட்டத்துக்கு வந்து விலை கேட்டேன். டைரியைத் திறக்கவில்லை.

“எந்த ஆபீசு?”

சொன்னேன்.

“அப்ப பெஞ்சுக்கு முந்நூறு ரூபா சேத்துப் போடு” என்றார்.